சர், சேர், சார்: ஒரு விளிச்சொல்லின் திருவனந்தபுரத்து வரலாறு

கரமனை அக்கிரகாரத் தெருக்களிலிருந்து வெளியே வந்து நாகர்கோவில் நெடுஞ்சாலையோரம் சற்று நேரம் நிற்பவர், ஒரே ஆங்கிலச் சொல்லை நான்கு வகையாகக் கேட்கக்கூடும். பேருந்து நடத்துநர் பயணியை ‘சாறே’ என்று மலையாளத்தில் விளிப்பார். பள்ளிச் சிறுவன் தன் கணக்கு ஆசிரியரை ‘கணக்கு சார்’ என்று குறிப்பிடுவான். அக்கிரகாரத்துக்குள் ‘சார் ஆத்துல இருக்காரா?’ என்று தமிழில் ஒருவர் வினவுவார். பழைய கதை பேசும் முதியவரோ ‘சர் சி.பி. காலத்தில்’ என்று தொடங்குவார்.

முதல் மூன்றிலும் நெடில். நான்காவதில் மட்டும் குறில். ‘சார்’ வேறு, ‘சர்’ வேறு என்று எந்தப் பள்ளியும் கற்பித்ததில்லை. ஆயினும் ‘சார் சி.பி. இராமசாமி ஐயர்’ என்று எழுதும் தமிழரும் இல்லை. கடைக்காரரைச் ‘சர்’ என்று குறிலில் அழைப்பவரும் அரியர். ஆங்கிலத்தின் ஒரு சொல் தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு சொற்களாக வாழ்கிறது. ஒன்று பட்டம், மற்றொன்று விளி. இந்தப் பிளவின் வரலாற்றை அறிய, தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் அரசு அலுவலகத்தில் சந்தித்துக்கொண்ட திருவனந்தபுரத்தைப் போல் ஏற்ற இடங்கள் சிலவே.

முதலில் சொல்லின் பிறப்பு. இலத்தீனில் ‘செனியோர்’ என்றால் ‘வயதில் மூத்தவர்’ என்று பொருள். அது பழைய பிரெஞ்சில் ‘சீர்’ என்று சுருங்கி, ஆங்கிலத்தில் ‘சைர்’ ஆயிற்று. பெயருக்கு முன்னால் அழுத்தமின்றி ஒலிக்கப்பட்டபோது அது மேலும் குறுகி ‘சர்’ ஆகியது. ஸ்பானியரின் ‘செஞோர்’, போர்ச்சுகீசியரின் ‘செஞோர்’, பிரெஞ்சுக்காரரின் ‘மொசியூ’ ஆகிய அனைத்தும் இந்த வேரினவே. மூப்பைக் குறித்த சொல் மதிப்பைக் குறிக்க வருவது தமிழர்க்குப் புதிதன்று. ‘ஐயன்’ என்னும் சொல்லும் தந்தை, மூத்தோன், தலைவன் என்றே விரிந்தது.

சமூக ஊடகங்களில் அடிக்கடி உலவும் ஒரு விளக்கத்தை இங்கேயே மறுத்துவிடுவது நல்லது. ‘ஸ்லேவ் ஐ ரிமெய்ன்’, அதாவது ‘அடிமையாகவே இருக்கிறேன்’ என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளே ‘சர்’ என்கிறது அவ்விளக்கம். இது பிழை. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் பரவியது 20ஆம் நூற்றாண்டில். ‘சர்’ அதற்கு அறுநூறு ஆண்டுகள் மூத்தது. ஆயினும் இந்தக் கட்டுக்கதை மக்கள் நெஞ்சில் ஏன் ஒட்டிக்கொண்டது என்பது சிந்திக்கத்தக்கது. ஆங்கிலேய அரசின் அலுவல் கடிதங்கள் ‘ஐயா, தங்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ள ஊழியனாக இருக்கும் பெருமை எனக்குண்டு’ என்ற பொருள்படவே முடிந்தன. தமிழில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று இன்றும் விண்ணப்பத்தின் அடியில் எழுதுவோர் உளர். சொற்பிறப்பாகப் பொய்யாக இருப்பது, அனுபவத்தின் நினைவாக ஓரளவு மெய்யாக இருக்கிறது.

இனிப் பட்டத்தின் கதை. திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே உள்ள சந்திப்புக்கு ‘ஸ்டாச்சூ’ என்றே பெயர். அங்கு நிற்கும் சிலை சர் டி. மாதவராவினுடையது. கும்பகோணத்து மராத்திக் குடும்பத்தில் பிறந்த அவர் 1858 முதல் 1872 வரை திருவிதாங்கூரின் திவான். பிரித்தானிய அரசு 1861இல் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்னும் விருது வரிசையை ஏற்படுத்தியது. 1866இல் அது மூன்று படிகளாக வகுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மாதவராவுக்குக் ‘கே.சி.எஸ்.ஐ.’ கிடைத்தது. மேலிரு படிகளைப் பெற்றவரே பெயருக்கு முன் ‘சர்’ இட்டுக்கொள்ளலாம். மூன்றாம் படியான ‘சி.எஸ்.ஐ.’ பெற்றவர் அந்த மூன்று எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் மட்டுமே எழுதலாம். எனவேதான் பிற்காலத் திவான் வி. இராமையங்கார் விருது பெற்றும் ‘சர்’ ஆகவில்லை.

அதற்கு முன்னும் திருவிதாங்கூரில் பட்டங்கள் இல்லாமலில்லை. அரசர் தமக்கு அணுக்கமானவர்களுக்குச் ‘செண்பகராமன்’ என்னும் பட்டத்தை வழங்கிவந்தார். சென்னை மாகாணத்தில் மதிப்புக்குரியவரின் பெயருக்கு முன் ‘மகாராஜராஜஸ்ரீ’யும் பின் ‘அவர்கள்’உம் எழுதப்பட்டன. ஆங்கிலப் பட்டம் இவற்றோடு வந்து சேர்ந்த இன்னொன்று; அதன் இலக்கணம் மட்டும் வேறு.

ஆங்கிலம் பயில்வோர் தடுமாறும் இடம் இந்த இலக்கணமே. பட்டமாக வரும் ‘சர்’ இயற்பெயருடன்தான் இணையும். குடும்பப்பெயருடன் மட்டும் இணையாது. சர் வின்ஸ்டன் சர்ச்சில் என்று முழுமையாகச் சொல்லலாம், ‘சர் வின்ஸ்டன்’ என்று சுருக்கலாம். ‘சர் சர்ச்சில்’ என்பது பிழை. விளியாக வரும்போது அது தனித்தே நிற்கும். அதனுடன் பெயர் எதுவும் சேராது. கடிதத் தொடக்கத்தில் ‘டியர் சர்’ என்று எழுதிய பின் பெயர் எழுதுவதில்லை. பெண்ணுக்குரிய விளி ‘மேடம்’. பட்டம் பெற்ற பெண்ணுக்குரியது ‘டேம்’. ‘சர் சொன்னார்’ என்று படர்க்கையில் பெயர்ச்சொல் போல் ஆள்வதைப் பிரித்தானியப் பள்ளி மாணவர் பேச்சில் கேட்கலாம். பொது ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை.

தமிழர் இவ்விதிகளில் பெரும்பாலானவற்றை மீறுகின்றனர். ‘ராமன் சார் வந்தார்’ என்ற ஒரு தொடரில் மூன்று மீறல்கள் உள்ளன: பெயர் சேர்ந்திருக்கிறது, பெயருக்குப் பின்னால் சொல் நிற்கிறது, படர்க்கையில் ஆளப்பட்டிருக்கிறது. இதை அறியாமை என்று கொள்வது எளிது. ஆனால் இதில் ஒழுங்கு இருக்கிறது. ‘முருகன் அண்ணன்’, ‘கந்தசாமி ஐயா’, ‘லட்சுமி அக்கா’ என்பவற்றில் மதிப்புச்சொல் பெயருக்குப் பின்னரே வருகிறது. ‘சார்’ அந்த வரிசையில் போய் அமர்ந்துகொண்டது. ‘ஐயா வந்தார்’ என்பது போலவே ‘சார் வந்தார்’. ‘தாயார்’, ‘நம்பியார்’ என்பவற்றைப் போல அதன் ஈறும் ‘ஆர்’ என்றே ஒலிப்பது தற்செயலாயினும், உயர்திணைப் பலர்பால் வினையோடு அது உறுத்தலின்றிப் பொருந்துகிறது. ஆகவே நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் தமிழில் ‘சர் சி.வி. ராமன்’, தெருமுனையில் கணக்குச் சொல்லித்தருபவர் ‘ராமன் சார்’. முன்னது ஆங்கில இலக்கணப்படி முன்னால் நிற்கிறது. பின்னது தமிழ் இலக்கணப்படி பின்னால் நிற்கிறது.

குறில் நெடில் வேறுபாட்டுக்கும் ஆங்கில ஒலிப்பிலேயே காரணம் காணலாம். பெயருக்கு முன்னால் பட்டமாக வரும்போது அச்சொல் அழுத்தமின்றிக் குறுகி ஒலிக்கும். தனித்து விளியாக வரும்போது அழுத்தம் பெற்று நீளும். தமிழ்ச்செவி இவ்விரண்டையும் தனித்தனியே வாங்கிக்கொண்டது. இலங்கையில் நிலைமை வேறு. அங்கே பட்டமும் ‘சேர்’, விளியும் ‘சேர்’. ‘சேர் பொன்னம்பலம் இராமநாதன்’ என்று நூல்கள் அச்சிடுகின்றன. யாழ்ப்பாணத்து மாணவர் தம் ஆசிரியரையும் ‘சேர்’ என்றே அழைக்கின்றனர். ஆங்கில உயிரொலிக்கு நேரான எழுத்து தமிழில் இல்லாமையால், ஒரு கரையில் அது ஆகாரமாகவும் மறுகரையில் ஏகாரமாகவும் கேட்கப்பட்டது.

மலையாளம் இன்னும் தொலைவு சென்றது. அங்கே அச்சொல் வேற்றுமை உருபேற்று, விளியில் ‘சாறே’ என்றும் பன்மையில் ‘சாறன்மார்’ என்றும் ஆகிறது. அதன் முதன்மைப் பொருளே ‘ஆசிரியர்’ என்றாகிவிட்டது. தென் கேரளத்தில் ஆசிரியைகளையும் பெண் அலுவலர்களையும்கூடச் ‘சார்’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் ஆணுக்கே உரிய சொல், இங்கே பதவியைச் சுட்டும் சொல்லாகிப் பால் வேறுபாட்டை இழந்தது.

இதுவரை கூறியது வடிவத்தின் வரலாறு. அச்சொல் யாருடைய வாயில் எந்தச் சொல்லுக்கு மாற்றாக வந்து அமர்ந்தது என்பதே பொருளின் வரலாறு.

19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஒருவர் மற்றொருவரை எப்படி அழைக்க வேண்டும் என்பதைப் பிறப்பே முடிவுசெய்தது. ‘தம்புரான்’, ‘ஏமான்’, ‘திருமேனி’, தமிழ்ப் பிராமணர்க்குச் ‘சாமி’ என விளிகள் சாதிவாரியாக வகுக்கப்பட்டிருந்தன. தன்மைச் சொல்லுக்கும் விலை இருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தின் சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒடுக்கப்பட்ட சாதியினர் மேல்சாதியார் முன் ‘நான்’ என்று சொல்லக் கூடாது. ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும். தாம் உண்ணும் சோற்றைச் ‘சோறு’ என்று சொல்லாமல் ‘கரிக்காடி’ என்று இழித்துச் சொல்ல வேண்டும். தம் பிள்ளைகளைக்கூட விலங்கின் குட்டிகளாகக் குறிப்பிட வேண்டும். மொழியே தீண்டாமையின் கருவியாக இருந்த காலம் அது.

இந்தச் சூழலில் ஆங்கிலப் பள்ளியும் அலுவலகமும் வந்தன. சுவாதித் திருநாள் காலத்தில், 1834இல், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கப்பட்டது. 1866இல் அது கல்லூரியாக வளர்ந்தது. இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி அதன் தொடர்ச்சியே. இவ்விடங்களில் புழங்கிய ‘சார்’ என்னும் விளிக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. அது பிறப்பைக் கேட்கவில்லை. நாற்காலியை மட்டுமே பார்த்தது. நாயர் ஆசிரியரும் சார், கிறித்தவ ஆசிரியரும் சார், பிராமண ஆசிரியரும் சார். ‘அடியன்’ என்று தன்னைத் தாழ்த்திக்கொள்ளாமலே எதிரிலிருப்பவரை மதிக்க ஒரு வழி கிடைத்தது. அயல்மொழிச் சொல் என்பதே அதன் வலிமை. உள்ளூர் சாதி அடுக்கில் அதற்கு முன்பே ஒதுக்கப்பட்ட படி எதுவும் இருக்கவில்லை.

ஆயினும் சொல் திறந்திருந்த அளவுக்கு நாற்காலி திறந்திருக்கவில்லை. இங்கே கரமனையும் வரலாற்றுக்குள் வருகிறது. கரமனை ஆற்றங்கரையில் குடியமர்ந்த தமிழ்ப் பிராமணர் போன்றோர்க்கு அரண்மனைப் பணியும் அரசுப் பணியும் வாழ்க்கைவழியாக இருந்தன. உயர்பதவிகள் அயலூர்ப் பிராமணர்க்கே செல்கின்றன என்று முறையிட்டு 1891இல் ‘மலையாளி மெமோரியல்’ என்னும் விண்ணப்பம் மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. அதில் ஒப்பமிட்டோரில் ஒருவர் திருவனந்தபுரம் பேட்டையைச் சேர்ந்த மருத்துவர் பல்ப்பு. ஈழவராகப் பிறந்த அவர் சென்னையில் மருத்துவம் பயின்றவர். திருவிதாங்கூர் அரசு அவருக்கு வேலை தர மறுத்தது. மைசூர் அரசு தந்தது. தன் ஊரில் ‘சார்’ என்று அழைக்கப்படத் தகுதியிருந்தும் பிறப்பால் தடுக்கப்பட்டவர், வேற்று அரசில் அந்த அழைப்பைப் பெற நேர்ந்தது. 1896இல் ஈழவர்களின் பெருவிண்ணப்பத்தை முன்னின்று திரட்டியவரும் அவரே. அய்யங்காளி நடத்திய பள்ளி நுழைவுப் போராட்டங்களையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்குள் நுழைய முடியாத பிள்ளைக்கு ஆசிரியரைச் ‘சார்’ என்று அழைக்கும் வாய்ப்பே இல்லை.

விளி இவ்வாறு கீழிருந்து பரவிய காலத்திலேயே, பட்டம் மேலிருந்து உதிரத் தொடங்கியது. மதுரையில் பிறந்து சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியாவின் தன்னாட்சி குறித்து 1917இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதை ஆங்கில அரசு கண்டித்தபோது 1918இல் தம் பட்டங்களைத் துறந்தார். 1919இல், ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின், தாகூர் ‘சர்’ பட்டத்தைக் கைவிட்டார். 1944 ஆகஸ்டு 27 அன்று சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாடு, ஆங்கில அரசு வழங்கிய பட்டங்களைக் கட்சியினர் துறக்க வேண்டும் என்று ‘அண்ணாதுரை தீர்மானம்’ இயற்றி, தன் பெயரையும் திராவிடர் கழகம் என்று மாற்றிக்கொண்டது. அதை ஏற்காதோர் சர் பி.டி. இராஜன் முதலியோர் தலைமையில் பழைய பெயரிலேயே தனித்து நின்றனர். ஒரு கட்சி பிளந்ததற்கான காரணங்களுள் பெயருக்கு முன்னிருந்த அந்த ஓருயிரும் இரண்டு மெய்களும் அடங்கும்.

திருவனந்தபுரத்தில் பட்டத்தின் கடைசிக் காட்சி சர் சி.பி. இராமசாமி ஐயருடையது. 1936 அக்டோபரில் அவர் திவானானார். நவம்பர் 12 அன்று, எல்லாச் சாதி இந்துக்களுக்கும் அரசின் ஆளுகையிலிருந்த கோயில்களைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1946இல், அதே திவானின் ஆட்சியில் புன்னப்புரை வயலார் எழுச்சி துப்பாக்கியால் ஒடுக்கப்பட்டது. திருவிதாங்கூரைத் தனிநாடாக்க முயன்ற அவர் 1947 ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்து இசைக்கழக நிகழ்ச்சியொன்றில் வெட்டுப்பட்டார். அடுத்த மாதமே பதவியை விட்டு நீங்கினார். கேரளத்தில் ‘சர் சி.பி.’ என்ற தொடர் இன்றும் ஓர் ஆட்சியின் பெயராகவே ஒலிக்கிறது. அந்த நினைவில் வியப்பும் வெறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. அவரைக் குறிக்கும் அந்தக் குறில் ‘சர்’, மக்கள் நாவில் விளியாக ஒருபோதும் நீளவில்லை.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 18ஆம் உறுப்பு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர்ந்த பட்டங்களை அரசு வழங்கலாகாது என்றது. குடிமக்கள் அயல்நாட்டுப் பட்டங்களை ஏற்பதையும் தடுத்தது. ‘சர்’ வரலாற்று நூல்களுக்குள் சென்றது. ‘சார்’ தெருவிலேயே நின்றது.

அதன் அண்மைக் கால வரலாறு முரண் நிறைந்தது. 2006இல் இந்திய வழக்கறிஞர் கழகம், நீதிபதிகளை ‘மை லார்ட்’ என்று அழைக்கும் காலனியப் பழக்கத்தை விடுமாறு விதி வகுத்தது. கீழமை நீதிமன்றங்களில் ‘சர்’ என்றோ அதற்கு இணையான வட்டார மொழிச் சொல்லாலோ அழைக்கலாம் என்றது. அங்கே ‘சர்’ சமத்துவத்தை நோக்கி ஒருபடி இறங்கும் சொல். 2021இல் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி, தன் அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ என்னும் விளிகளே வேண்டாம் என்று தீர்மானித்தது. மக்கள் அலுவலரைப் பதவிப்பெயரால் அழைக்கலாம்; விண்ணப்பங்களில் கெஞ்சும் சொற்களுக்குப் பதில் உரிமையைக் கோரும் சொற்களை எழுதலாம். இங்கே ‘சார்’ இறக்கிவைக்க வேண்டிய சுமை. 2023இல் கேரளக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், பால் வேறுபாடற்ற சொல் என்ற காரணத்தால் ஆசிரியர் அனைவரையும் ‘டீச்சர்’ என்று அழைக்குமாறு பணித்தது. ஆசிரியைகளையும் ‘சார்’ என்றழைத்துப் பழகிய தென் கேரள வழக்கு, வேறொரு வழியில், அந்த இலக்கை முன்பே தொட்டிருந்தது.

மூன்று முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும். ஆனால் விளிச்சொல் ஒன்றின் பொருளை அதன் வேரிலோ அகராதியிலோ மட்டும் தேடினால்தான் இது முரண். அச்சொல்லுக்கு முன் அவ்விடத்தில் எந்தச் சொல் இருந்தது என்று கேட்டால் முரண் தீர்கிறது. ‘தம்புரான்’ இருந்த இடத்தில் வந்தபோது ‘சார்’ விடுதலை. ‘மை லார்ட்’ இருந்த இடத்தில் வந்தபோது அது எளிமை. அடுத்து வரக்கூடிய சொல் பதவிப்பெயராகவோ ‘சேட்டா’, ‘சேச்சி’ போன்ற உறவுப்பெயராகவோ இருக்கும்போது, அதே ‘சார்’ தடையாகத் தெரிகிறது.

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர்க்கு ‘ராமன் சார்’ பிழை என்று கற்பிக்கும்போது, அது ஆங்கிலத்தில்தான் பிழை என்பதையும் சேர்த்துச் சொல்வது தகும். தமிழில் அது இலக்கணம் வழுவாத தொடர். ‘நான்’ என்று சொல்லவே உரிமை மறுக்கப்பட்ட ஒரு நாட்டில், சாதி கேட்காத மதிப்புச்சொல்லைத் தேடியவர்களின் வழித்தடமும் அதில் பதிந்திருக்கிறது. கரமனைச் சாலையில் பேருந்து நடத்துநர் முன்பின் அறியாத பயணியைச் ‘சாறே’ என்று விளிக்கும்போது, அப்பயணி எந்தத் தெருவில் பிறந்தார் என்று அவர் கேட்பதில்லை.